மூன்றாம் பாட்டின் நாற்காலி

ஜூன் 4

அன்புள்ள தச்சரே,

நான் நலம். அங்கும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இது.

நம் பின்னறையில், ஜன்னலில் மெத்தையைச் சாத்தி வைத்துப் பதிவு செய்தோமே, அந்த ஆல்பத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டது. "நம்ம ரெண்டு பேரைத் தவிர இதை யார் கேப்பா?" என்று கட்டின பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுத்தானே போன வருஷம் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினீர்கள். கேட்கிறார்கள். ராக் என்றால் காது கிழிய வேண்டும் என்று நினைத்தவர்கள்கூட, பக்கத்தில் உட்கார்ந்து நமக்காகப் பாடுவது போல இருக்கிறது என்கிறார்கள். ஒரு பல் மருத்துவர் பல் பிடுங்கும்போது இதைத்தான் போடுகிறாராம். நோயாளிகள் இப்போது தாளத்தோடு முனகுகிறார்களாம். ஒரு பஸ் டிரைவர், எல்லோரும் இறங்கிய பிறகும் பாட்டு முடியும் வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறார்.

ஒரு கம்பெனி அதை வாங்கி, ஒலியைச் சுத்தம் செய்து, மறுபடி வெளியிட்டது. மூன்றாம் பாட்டில் உங்கள் நாற்காலி கிரீச்சென்று கத்துமே, அதை எடுத்துவிட்டார்கள். நானும் தலையாட்டினேன். வந்தது வினை. "நாற்காலி எங்கே?" என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். போன சனிக்கிழமை மேடையில் அந்த இடம் வந்தபோது, அரங்கம் முழுக்க அவரவர் நாற்காலியை ஆட்டினார்கள். ஒருவர் வாயாலேயே கிரீச் என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் பாட்டு நின்றுவிட்டது.

ஆகவே அந்த நாற்காலியை அனுப்பி வையுங்கள். அடுத்த மாதக் கச்சேரிக்கு மேடையில் வேண்டும். நாற்காலி மட்டும் போதும்.

வாயாடி

ஜூன் 11

வாயாடிக்கு,

நலம்தான். ஆனால் நாற்காலி இனி கத்தாது. இங்கே வந்ததுமே மூட்டுகளைப் பிரித்து, பசை வைத்து இறுக்கிவிட்டேன். பட்டறையிலேயே நாற்காலி முனகினால் அந்தத் தச்சனை நம்பி யார் வேலை கொடுப்பார்கள்? இப்போது யானை உட்கார்ந்தாலும் மூச்சு விடாது.

ஆல்பத்தை நானும் கேட்கிறேன். எதிரே முடிதிருத்தும் கடையில் அதுதான் ஓடுகிறது. மூன்றாம் பாட்டு முடியும்போது கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிடுவார். அங்கேதான் "நல்லாருக்கும்மா" என்று ஒரு குரல் வரும். "யாருய்யா இந்த ஆளு? நம்ம மனசுல இருக்கறத சொல்றான்" என்பார். நான் மீசைக்குள் சிரித்துக்கொள்வேன், சொன்னதில்லை.

போன வாரம் அவர் புதியதைப் போட்டார். நாற்காலி இல்லை. பாட்டு முடிந்தது, குரலும் இல்லை. "அந்த ஆள எங்கய்யா காணோம்?" என்று என்னையே கேட்டார். உன் பாட்டைப் பற்றி நான் நல்லபடியாகச் சொன்னது அது ஒன்றுதான். அதையும் துடைத்துவிட்டாய். பிறகு நாற்காலி எதற்கு?

மரமண்டை

ஜூன் 18

மரமண்டைத் தச்சரே,

அந்தக் குரல் போனது சத்தியமாக எனக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு அந்தப் பாட்டை நான் கடைசி வரை கேட்டதே இல்லை. உங்கள் குரல் வருவதற்குள் நிறுத்திவிடுவேன். கேட்டால் அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடாது. கம்பெனி அனுப்பியதையும் பழக்கதோஷத்தில் அதே இடத்தில் நிறுத்திவிட்டு, சரி என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று நேரே போய் அவர்கள் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். "நாற்காலியும் வரணும், ஆளும் வரணும். இல்லேன்னா அடுத்த ஆல்பம் உங்களுக்குக் கிடையாது" என்றேன். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒத்துக்கொண்டார்கள். இனி பழையதுதான், இருந்தது இருந்தபடி.

யானைக்கு அசையாத நாற்காலியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மூட்டைத் தளர்த்துங்கள். போன கடிதத்தில் நாற்காலி மட்டும் போதும் என்று எழுதினேன். அது பொய்.

வாயாடி

ஜூன் 27

என் வாயாடிக்கு,

மூட்டைத் தளர்த்திப் பார்த்தேன், பிடி விடவில்லை. பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. கடைசியில் அதே அளவில் புதிதாக ஒன்று செய்து, ஒரு காலை மட்டும் லூசாக விட்டேன். பார்த்துப் பார்த்து ஒரு மோசமான வேலையைச் செய்திருக்கிறேன். எதிர்க்கடைக்குத் தூக்கிப்போனேன். கடைக்காரர் உட்கார்ந்தார், சத்தமே இல்லை. அவர் அசையாமல் உட்காருகிற மனிதர். பிறகு நான் உட்கார்ந்து, உன் பாட்டுக்கு ஆடினேன். கிரீச். கத்தரியும் கையுமாக என்னையே பார்த்தார்.

"அந்த ஆளு நீதானா?"

"நாந்தாண்ணே."

"அப்புறம் இங்க என்னய்யா பண்றே?"

அவர் கேட்டது நியாயம்தான். நாற்காலியை மட்டும் அனுப்பிப் பிரயோஜனம் இல்லை. சனிக்கிழமை காலை நானும் நாற்காலியும் லாரி ஏறுகிறோம். பின்னறையில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வை.

மேடையில் நான் பேச மாட்டேன். பாட்டு முடிந்ததும் ஒரே ஒரு வார்த்தை சொல்வேன், அது அரங்கத்துக்கு இல்லை. இந்தத் தடவையாவது கடைசி வரை கேள்.

மரமண்டை