அரிசி டின்னுல ரெண்டு கேமரா

கென்னத்,

பிரிக்பீல்ட்ஸுக்கு கொயர் பாட்டுப் பயிற்சிக்குப் போறேன். கிள்ளான் ஜெயந்திரன் அண்ணே மூணு மணிக்கு வராரு. அவர் பார்த்து வாங்கச் சொல்லிக் கொடுத்த ரெண்டு பழைய டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுல ஒண்ணை வெச்சுக்கிட்டு ஒண்ணைத் திருப்பிக் கொடுத்திடு. ரெண்டு வாரமா கறுப்பா, சில்வரான்னு கேட்டு என் உயிரை வாங்கினது போதும் லா.

ரெண்டும் துணியில சுத்தி அரிசி டின்னுல இருக்கு. சோறு வைக்கும்போது பார்த்து அள்ளு. கேமராவை ஈரம் படாம வெக்கிற உன் டிரை பாக்ஸ்ல முறுக்கு வெச்சிருக்கேன். கத்தாத. ஒரு வாரமாகியும் மொறுமொறுன்னு இருக்கு. அண்ணேக்கும் நாலு கொடு.

கேமராவுல உருவம் ரெண்டாத் தெரியும், ஒண்ணாச் சேரும்வரை வளையத்தைத் திருப்பணும்னு சொன்னியே, அதுல உங்கம்மாவைப் பார்த்தேன். ரெண்டு அத்தை! பதறிப்போய் ஒண்ணாக்கிட்டேன்.

நீ எடுத்ததையும் பார்த்தேன். சில்வர்ல முந்நூறு படம், எல்லாம் நம்ம வீட்டு கேட். கறுப்புலயும் அதே கேட்தான். கடைசிப் படத்துல மட்டும் நான். சோபாவுல வாயைத் திறந்து தூங்குறேன்.

சில்வரைக் கொடுத்திடு.

வலேரி

பி.கு: அந்தப் படத்தை அழிச்சிடாத. யாருக்காவது காட்டினா, நீயும் அண்ணே கார்லயே கிள்ளானுக்குப் போயிடு.