முதல் திரையில் உன் படம்

என் செல்லச் சண்டைக்காரி மெர்சிக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. கே.கே. நகர் ஆபீஸில் உன் நாற்காலியில் இப்போது நான்தான் உட்காருகிறேன். நீ வடிவமைத்து, நான் எழுதிய வாழைத்தார் விலை ஆப் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மஞ்சள் பட்டன் நினைவிருக்கிறதா? வாழைக்கு மஞ்சள்தானே அழகு என்று 'விற்கலாம்' பட்டனுக்கு நான்தான் மஞ்சள் அடித்தேன். தொட்டியத்து வாழை விவசாயிகள் ஒருவரும் அதைத் தொடவில்லை. அவர்களைக் குறை சொல்ல நான் வாயெடுத்தேன். நீயோ வரப்பில் அரை நாள் உட்கார்ந்து அவர்கள் கட்டை விரலையே பார்த்துவிட்டு வந்தாய்.

"காயா வெட்டி லாரி ஏத்துறவங்கண்ணா. மரத்துலயே மஞ்சளாச்சுன்னா நஷ்டம். தப்பு நம்ம மேலதான்" என்றாய். பச்சையாக்கினோம், தொட்டார்கள். மனித மனம் எதைப் பார்க்கிறது, எதை மறக்கிறது என்று புத்தகம் புத்தகமாய்ப் படித்தவள் நீ. ஆனால் அந்தப் பொறுமை எந்தப் புத்தகத்தில் இருந்தது? எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

கஞ்சத்தனத்திலும் நீ ராணி. திரையில் அநாவசியமாக ஒரு படம் விடமாட்டாய். "ஒவ்வொரு தடவை திறக்கறப்பவும் அவங்க பேட்டரி போகுது, எங்கயோ ஒரு சர்வர் கரண்ட் தின்னுது. யாருக்குண்ணா இது வேணும்?" என்பாய். அந்தக் கேள்வியை வாங்காத நாளே எனக்கு இல்லை.

சரி, ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. போன மாதம் ஆப்பின் முதல் திரையில் உன் படத்தை வைத்தேன். ஸ்ரீரங்கம் போகிற காவிரிப் பாலத்தில் நின்று சிரிக்கிறாயே, அது. உன்னை யாரும் மறந்துவிடக் கூடாது என்று எனக்கு அவ்வளவு ஆசை.

நேற்று தொட்டியத்தில் சரோஜா அக்காவின் தோட்டத்துக்குப் போனேன். ஆப்பில் புதிதாகச் சேர்ந்தவர், உன்னைத் தெரியாது. அங்கே சிக்னல் குறைவு. உன் முகம் மெல்ல மெல்ல வந்தது, விலை வரவில்லை. அக்கா உன் முகத்தை விரலால் தொட்டார். மறுபடியும் தொட்டார்.

"தம்பி, இந்தப் பொண்ணத் தொட்டுத் தொட்டுப் பாக்குறேன், ஒண்ணும் வரலீங்களே. லாரிக்காரர் வேற நிக்கிறாரு."

எட்டு மாதமாக நானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன், மெர்சி?

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் உன் படத்தை எடுத்துவிட்டேன். இன்று காலை அக்கா போன் செய்தார். "இப்ப டக்குனு விலை வந்துருச்சு தம்பி."

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்தத் திரையில் அவர்களுக்கு வேண்டாத எதையும் இனி வைக்கமாட்டேன். உன்னைக்கூட.

உன் திட்டுக்கு ஏங்கும் அண்ணன்,
ஆரோக்கியம்