பிள்ளையார் கோயில் அம்பிளிபயர்

யாழ்ப்பாணம்
02.03.2025

அன்பின் உங்களுக்கு,

தொலைபேசியில் பேசத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் குரலை உயர்த்திவிடுகிறோம். அதனால் எழுதி, தினமும் படகில் நயினாதீவுக்கு வந்துபோகிற நிரோஜனிடம் கொடுத்துவிடுகிறேன்.

நான் சுகம் என்று எழுத வேண்டும். சுகமில்லை, எரிச்சல்தான். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சார உபகரணம் திருத்தும் படிப்பு ஒன்றரை வருடம் ஓடி, கடைசிப் பயிற்சிக்கு டவுனில் ஒரு கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முதலாளி ஜெயரூபன் அண்ணை நல்ல மனிதர். ஆனால், "ஐயரம்மா, நீங்கள் ரசீது எழுதுங்கோ, அதுவே காணும். கரண்ட் வேலையைப் பொடியள் பாப்பாங்கள்" என்று சொல்லி ஒரு கதிரையைத் தந்துவிட்டார். அந்தப் பொடியன்களுக்கு வகுப்பில் சோல்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

ஊருக்கு வந்தால் வேறு கதை. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் படகால் இறங்கும்போதே ஆளுக்கொரு இஸ்திரிப்பெட்டியோடு நிற்கிறார்கள். "பிள்ளை, உமக்கும் பழக்கமாயிருக்கும்" என்கிறார்கள். சும்மா செய்து கொடுக்கும்வரை நான் கெட்டிக்காரி.

படிப்பு முடிந்ததும் வீட்டு முன் அறையில் மேசை போட்டு, வாசலில் பெயர்ப்பலகை மாட்டலாம் என்று சொன்னது நீங்கள். நாம் இருப்பது நீங்கள் பூசை செய்யும் கோயிலின் வீடு, தர்மகர்த்தா அம்பலவாணர் ஐயாவிடம் ஒரு சொல் கேட்க வேண்டும். மாசி பிறக்கட்டும் என்றீர்கள். மாசியும் பாதி போய்விட்டது. கேட்டீர்களா?

உங்கள் தர்சினி

நயினாதீவு
14.03.2025

அன்பின் தர்சினிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கும் பெரிய சுகமில்லை. பூசையையும் செய்து, குசினியிலும் நானே நின்று, நேற்று நைவேத்தியத்தை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். பிள்ளையார் கோபிக்கவில்லை, அம்பலவாணர் ஐயாதான் கோபித்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பலகைக் கதையை எப்படி எடுப்பது? திருவிழா முடியட்டும். அவருக்கும் மனம் குளிர்ந்திருக்கும்.

காலையில் பாட்டுப் போடும் கோயில் அம்பிளிபயர் ஊமையாகிவிட்டது. வீட்டில் ஒருத்தி படிக்கிறாளே, அவளிடம் கொடுத்தாலென்ன என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் ஐயா, "டவுனிலை ஆரும் வேலை தெரிஞ்ச ஆளிட்டைக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டார். நிரோஜன் ஏதோ ஒரு கடையில் கொடுத்துத் திருத்திக் கொண்டுவந்தான். இப்போது அதன் சத்தம் கடல் தாண்டிக் குறிகட்டுவான் வரை கேட்கிறதாம். "வேலை தெரிஞ்சவன்ரை கை எண்டால் இதுதான்" என்று ஐயா நாலு பேர் முன்னால் சொன்னார். நீர் குறை நினைக்கக் கூடாது, அனுபவம் என்று ஒன்று இருக்கிறதுதானே. நீரும் போகப்போகப் பழகுவீர்.

உமது கணநாதன்

யாழ்ப்பாணம்
17.03.2025

அன்பின் உங்களுக்கு,

அந்தக் கை என்னுடையது.

நிரோஜன் பெட்டியைக் கொடுத்தது நான் இருக்கும் கடையில். அவன் வந்த நேரம் நான் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், நம் கோயில் பெயர் எழுதிய பெட்டி. ஜெயரூபன் அண்ணையிடம் போய், "இதையாவது எனக்குத் தாங்கோ, ரசீது எழுதிக் கண் பூத்துப்போச்சு" என்றேன். தந்தார்.

திறந்தால், பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஊதுபத்திப் பெட்டியின் வெள்ளித்தாள். யார் வேலை என்று கேட்கவா வேண்டும்? நம் வீட்டு ரேடியோவையும் நீங்கள் அப்படித்தானே கொன்றீர்கள். பியூஸ் எரிந்து பெட்டியைக் காப்பாற்றியிருக்கும். வெள்ளித்தாள் எரியாமல் நின்று, உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர்களை எரித்துவிட்டது. அவற்றை மாற்றி, உப்புக் காற்றில் பச்சை பிடித்த இணைப்புகளைச் சுரண்டித் திரும்பவும் சோல்டர் பிடித்தேன். பாட்டுப் போட்டதும் கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணை அன்றைக்கே எனக்கென்று ஒரு மேசை ஒதுக்கித் தந்தார்.

நேரில் சொல்லி உங்கள் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் நிரோஜனிடமும் சொல்லாமல் இருந்தேன். உங்கள் கடிதம் அதைக் கெடுத்துவிட்டது. பரவாயில்லை. உங்களுக்கும் வேலை சுலபம். ஐயா மெச்சியது என் மனைவியின் கையைத்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். அதே மூச்சில் பலகையையும் கேளுங்கள்.

உங்கள் தர்சினி

நயினாதீவு
26.03.2025

அன்பின் தர்சினிக்கு,

கோபிக்காமல் வாசியும். உமது கடிதத்தைப் படித்ததும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு பயம் பிடித்தது. அது கோயில் சாமான். ஐயர் வீட்டுப் பெண் தொட்டாள் என்றால், "அண்டைக்கு அவ எப்பிடி இருந்தவ?" என்றுதான் ஊர் முதலில் கேட்கும். உம்மிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, கேட்காமல் விடவும் ஏலாது. அந்த நாட்களில் உமக்கு மாதத் துடக்கு இல்லைத்தானே?

பதில் வரும்வரை இருக்க மனம் விடவில்லை. கொடியேற்றம் கிட்ட வந்துவிட்டது. ஆளில்லாத நேரம் பார்த்து, துடக்குக் கழியச் சின்னதாக ஒரு புண்ணியாகம் செய்து, தீர்த்தத்தை அறுகம்புல்லால் அம்பிளிபயருக்கும் தெளித்தேன். காலைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த மறந்துவிட்டேன். டப் என்றது. புகை வந்தது.

மின்சாரம் ஏறி இறங்கிப் பழுதாகிவிட்டது என்று ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன். பெட்டி நிரோஜனோடு வருகிறது. கொடியேற்றத்துக்கு முன் எப்படியாவது திருத்தி அனுப்பும். நீர் திருத்தியது ஒருவருக்கும் தெரிய வேண்டாம். பலகையும் இப்போதைக்கு வேண்டாம். படிப்பு முடிந்ததும் வீட்டோடு வந்து இரும். எனக்கும் நிம்மதி.

உமது கணநாதன்

யாழ்ப்பாணம்
31.03.2025

உங்களுக்கு,

பெட்டியை அனுப்பியிருக்கிறேன். ஜெயரூபன் அண்ணை திறந்தபோது உள்ளே ஈரமும் இரண்டு அறுகம்புல்லும் இருந்தன. அவர் புல்லை எடுத்து, "இதென்ன ஐயரம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.

இம்முறை நான் தொடவில்லை. அண்ணையே திருத்தினார். பயப்படாமல் கொடியை ஏற்றுங்கள். அவர் அன்றைக்கு எப்படி இருந்தார், என்ன சாப்பிட்டார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். கடையில் எத்தனை பேர் தொட்டாலும் கோயிலுக்கு ஒன்றுமில்லை, நான் தொட்டால்தான் குற்றம். எட்டு வருடம் இதே கையால்தானே பிள்ளையாருக்கு மோதகம் அவித்தேன். அப்போது எந்தத் தண்ணீரைத் தெளித்தீர்கள்?

நீங்கள் கேட்டதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. அம்பலவாணர் ஐயா கேட்டிருந்தால் இரண்டு நாள் கோபித்துவிட்டு மறந்திருப்பேன். கேட்டது நீங்கள்.

படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலைக்கு நிற்கச் சொல்லி அண்ணை கேட்டார். ஓம் என்றுவிட்டேன். திருவிழாவுக்கு வரமாட்டேன், அதன் பிறகும் வருவேன் என்று இப்போது சொல்ல ஏலாது. பலகைக்காக இனி நீங்கள் யார் முன்னாலும் தலையைச் சொறிய வேண்டாம். இங்கே என் மேசையைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். திருத்திக் கொடுத்ததை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போகிறார்கள். ஒருவரும் அதற்குத் தண்ணீர் தெளிப்பதில்லை.

சிவதர்சினி