கதவின் மறுபக்கம்

மார்ச் 4, செவ்வாய்

சிட்டு வீட்டுக்கு இன்று மூன்றாவது தடவை. ஆறு வயது. அம்மா இல்லை. அப்பா அவளைப் பகல் முழுக்க அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா எங்கள் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்திருந்தார். வீடு இன்றும் பளிச். அப்பா வாய் ஓயாமல் பேசினார். சிட்டு வாயே திறக்கவில்லை. எலும்பும் தோலுமாக உட்கார்ந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சளி பிடித்ததால் சாப்பிடுவதில்லையாம். மூன்று தடவையுமா சளி?

மார்ச் 5, புதன்

மேலாளர் அம்மா விசாரணையை முடித்துக்கொள்ளச் சொல்கிறார். குறை எதுவும் கண்ணில் படவில்லையாம். முடித்துவிட்டால் அந்த வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது. பெரியம்மா, அதாவது சிட்டு அம்மாவின் அக்கா, குழந்தையைத் தன்னிடம் கொடுங்கள் என்று நடையாய் நடக்கிறார். வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. முதல் நாளே போன் செய்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம் - மரியாதையாம். போனால் அப்பா ஹாலில் நாற்காலி போடுவார். சிட்டுவின் அறையை நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்ப்பேன். அந்தக் கதவு ஹால் பக்கம் திறந்து, எப்போதும் சுவரோடு ஒட்டியே இருக்கும். அதன் மறுபக்கத்தை நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருட அனுபவம் வேறு!

மார்ச் 7, வெள்ளி

சொல்லாமல் போனோம். மேலாளர் அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனேன். அப்பா வீட்டில் இருந்தார், முகம் வெளுத்துவிட்டது. நான் நேராகப் போய் அந்தக் கதவைச் சாத்தினேன். வெளிப்பக்கம் மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒன்று. பூனை உள்ளே போகாமல் இருக்கப் போட்டதாம்.

"பூனை எங்க சார்?" மேலாளர் அம்மா குரலை உயர்த்தவே இல்லை.

பதில் சிட்டுவிடமிருந்து வந்தது. "பூனையே கிடையாது. நான்தான் உள்ள இருப்பேன்."

அவள் குரலை இன்றைக்குத்தான் கேட்டேன். சாயங்காலமே எங்களோடு கிளம்பிவிட்டாள், என் விரலைப் பிடித்துக்கொண்டு.

மார்ச் 19, புதன்

குழந்தைகள் நலக் குழுவின் தீர்ப்பு வந்துவிட்டது. சிட்டு பெரியம்மாவிடம். ஜெயிச்சுட்டோம், ஜெயிச்சுட்டோம். பஸ்ஸில் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சிட்டுவுக்குக் கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. பெரியம்மாவை ஒரு வார்த்தை பேச விடவில்லை. என்னிடம் புகார் கொடுக்க வேண்டுமாம். தலை வாரும்போது பெரியம்மா இழுக்கிறாராம். விளையாடும்போது பாதியிலேயே கூப்பிட்டுவிடுகிறாராம். முழுதாகக் கேட்டுவிட்டு, நாளைக்கு வந்து விசாரிக்கட்டுமா என்றேன்.

"நாளைக்கு வராதீங்க ஆன்ட்டி. ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்க, எனக்கு நேரமில்ல."

போகவில்லை.