எலேனாவின் மகளுக்குப் பெயர் சொல்லி அத்தைக்கு விடுத்த ஓலை

கடல் தரும் வளமும் மழை தரும் விளைவும் குறையாதிருக்க. ஆழிவேலி நாடுடையவரும், கழிமுகத் துறைகளின் காவலரும், செங்கழல் வேளிர் குலத்து வழித்தோன்றலுமாகிய நெடும்பரிதி வேள், ஆழியூர்த் துறைமாளிகையிலிருந்து, எழுத்தரை வெளியே அனுப்பிவிட்டுத் தம் கையாலேயே எழுதும் ஓலை. மருதவேலி அரண்மனையில் எம் மகளை மடியில் வைத்துக் காத்துவரும் உடன்பிறந்த நங்கை அல்லியங்கண்ணியார் காண்க. உமது ஏரிகள் நிரம்புக. உமது கொழுநர் நலமுறுக. உமது வாயிலில் வந்து நிற்பவர் எவரும் வெறுங்கையோடு திரும்பாதிருக்க.

முறைக்கு எழுதவேண்டியதை எழுதியாயிற்று. இனி உன்னை நீ என்றே எழுதுகிறேன், தங்காய். நீவிர், உமது என்றெல்லாம் எழுதிக்கொண்டிருந்தால் இந்த ஓலை முடியாது.

உன் ஓலைகள் யாவும் வந்தன. கடைசியாக வந்ததில், தாயில்லாப் பிள்ளையை இன்னும் எத்தனை காலம் பாப்பா, பாப்பா என்றே அழைப்பது, அரண்மனைப் பூனைக்குக்கூட ஒரு பெயர் இருக்கிறதே, அண்ணனுக்கு மனம் கல்லாகிவிட்டதா என்று திட்டியிருந்தாய். திட்டியது நியாயமே. படித்தேன். கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. குழந்தை பிறந்த அன்று மருத்துவச்சி அவளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். வாங்கினேன். உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. திருப்பிக் கொடுத்தேன். அதன்பின் உள்ளே போய் எலேனாவின் கையைத் தொட்டேன். அது ஆறத் தொடங்கியிருந்தது. அன்று தொட்டு எனக்குச் சோறும் மண்ணும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

நம் குலமுறை நீ அறியாததன்று. பிள்ளை பெற்று மாண்டவளுக்கு அவள் பெயர் சொல்லி நீர் விடுவதில்லை. இன்ன பிள்ளையின் தாய் என்று சொல்லியே விடவேண்டும். நீர் விட்டபின் அவளுடைய சொந்தப் பெயரை அரண்மனையில் எவரும் வாய்விட்டுச் சொல்லலாகாது. சொன்னால் போகிறவள் திரும்பிப் பார்த்து நின்றுவிடுவாள் என்பர். ஆகவே பிள்ளைக்குப் பெயர் இடாதவரை தாய்க்கு நீர்க்கடன் இல்லை. நீர்க்கடன் முடியாதவரை அவள் சாம்பல் இந்த மாளிகையின் கீழ்த்திசை மாடத்தில்தான் இருக்கும். அதில் ஒரு பங்கைத் தன் தாய்மண்ணான வெலிமிராவுக்கு, அந்தப் பனிநாட்டுக்கு, அனுப்பவேண்டும் என்று அவளே கேட்டிருந்தாள். அந்நாட்டுத் தூதர் மிரோஸ்லாவ் மரக்கலத்தைத் துறையில் நிறுத்திவைத்து, காற்றுத் திசை மாறிவிட்டால் இவ்வாண்டு புறப்பட இயலாது என்று நாள்தோறும் வந்து வணங்கிச் சொல்லிப்போகிறார். அங்கே ஒரு தாய் கரையில் காத்திருக்கிறாள் என்றும் சொல்கிறார். ஐயோ பாவம் என்று வாய் சொல்கிறது, நெஞ்சு அசையவில்லை.

தூதர் கொண்டுவந்த பெயர் அனஸ்தாசியா. எலேனாவின் தந்தை விரும்பியது. மீண்டு எழுந்தவள் என்று பொருளாம். தாயே மகளாகத் திரும்பி வந்தாள் என்று அவர்கள் ஆறுதல் கொள்வார்களாம். தங்காய், எனக்கு வந்த ஒரே கோபம் அப்போது வந்ததுதான். என் மனைவி மீண்டு எழவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுந்ததாக ஒரு பிள்ளை ஆயுள் முழுவதும் பொய் சுமக்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நம் அமைச்சர்கள் லுத்மிலா என்றார்கள். மக்களுக்கு இனியவள் என்னும் பொருள் இரு நாட்டு உறவுக்கும் உகந்ததாம். உறவு பற்றி அவர்கள் பேசிய பேச்சைக் கேட்டால், தொட்டிலில் கிடப்பது குழந்தையா உடன்படிக்கையா என்று உனக்கே ஐயம் வந்துவிடும்.

நீ கேட்ட பெயரும் உண்டு. பாட்டி பெயரையும் தாய் பெயரையும் பிள்ளைக்கு இடும் நம் வழக்கப்படி, எலேனா என்றே வைத்துவிடலாம், பிள்ளையின் பெயராகச் சொன்னால் குலமுறைக்குக் குறையில்லை, பெயராவது வீட்டில் இருக்கட்டும் என்று எழுதினாய். உன்னிடம் எதற்கு மறைக்கவேண்டும்? அதைப் படித்த அன்று எனக்கு ஆசை வந்தது. மகளை அழைக்கும் சாக்கில் நாள் முழுவதும் அந்தப் பெயரைச் சொல்லலாமே என்று நினைத்தேன். பிறகு எலேனாவோடு அவள் நாட்டிலிருந்து வந்த தோழி தார்யாவை அழைத்துக் கேட்டேன். பிள்ளைப்பேற்றில் மாண்டவள் பெயரை அவள் பிள்ளைக்கு இடுவதை எங்கள் நாட்டில் கேட்டதே இல்லை, எங்கள் அரசியார் இருந்திருந்தால் உம்மோடு சண்டைக்கு வந்திருப்பார் என்றாள். சண்டைக்கு வந்திருப்பாள்தான். அதைவிட இன்னொன்று எனக்குத் தோன்றியது. நான் எலேனா என்று அழைக்க, அந்தக் குழந்தை ஓடிவந்து நிற்கும். நான் அவள் தலைக்கு மேலே, அவளுக்குப் பின்னால், வேறு ஒருத்தியைத் தேடுவேன். பெற்ற பிள்ளைக்கு அந்தக் கொடுமை செய்யமாட்டேன். ஆகவே அப்பெயர் வேண்டாம்.

எலேனா தன் மனத்தில் வைத்திருந்தவை இரண்டு. லுத்மிலா ஒன்று, வெரா ஒன்று. முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன், முகம் பாராமல் பெயர் வைப்பது எங்கள் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டாள். முகத்தைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. எனக்கோ இரண்டு பெயரும் ஒன்றுபோலவே இருந்தன. தார்யாவை எதிரே உட்காரவைத்து மாறி மாறிச் சொல்லச் சொன்னேன். எந்தப் பெயருக்காவது உள்ளே ஏதாவது அசையும் என்று காத்திருந்தேன். அசையவில்லை.

முடிவில் தார்யாதான் ஒன்றை நினைவூட்டினாள். வயிற்றில் பிள்ளை இருக்கையில் எலேனா அதனோடு பேசுவாள். மனம் மகிழ்ந்திருந்தால் லுத்மிலா என்று அழைத்துப் பாடுவாள். என்மேல் கோபம் வந்தால், வயிற்றைத் தடவிக்கொண்டு, பார்த்தாயா வெரா, உன் அப்பன் செய்யும் வேலையை என்று முறையிடுவாள். நான் வேட்டைக்குப் போனாலும் வெராவிடம் முறையீடு; உணவுக்கு நேரங்கழித்து வந்தாலும் வெராவிடம் முறையீடு; அவள் செய்த புளிப்புக் கஞ்சியை நான் குடியாமல் வைத்ததற்கு ஒரு மாலை முழுவதும் முறையீடு. எண்ணிப்பார்த்தால், அவள் பாடியது கொஞ்சம். என்னைக் குறை சொன்னதுதான் மிகுதி. ஆகவே அந்தப் பிள்ளை தாயின் குரலில் மிகுதியாகக் கேட்டது வெரா என்ற பெயரைத்தான். பழகிய பெயரே இருக்கட்டும்.

எனவே நம் ஆணை இது. வளர்பிறை முடிந்து நிலவு நிறையும் நாளன்று, கதிர் எழும் பொழுதில், அத்தை முறையில் நீ உன் மருமகளை மடியில் இருத்தி, வலச்செவியில் வெரா என்று மும்முறை சொல்லவேண்டும். தூதர் நாட்டு வழக்கப்படி தந்தை பெயரையும் சேர்த்து வெரா பரிதியோவ்னா என்று ஒருமுறை சொல், சிரிக்காதே. அன்று உச்சிப்பொழுதில் நான் இங்கே கழிமுகத்தில் இறங்கி, வெராவின் தாய்க்கு என்று சொல்லி நீர் விடுவேன். அதன்பின் மரக்கலம் புறப்படும். அரண்மனையில் உள்ளோர் அனைவரும் அன்று முதல் குலமுறை வழுவாது நடந்துகொள்க. மீறுவோர் எம் ஆணையை மீறினோராவர். அம்முறை எனக்கும் உண்டு.

இதை எழுதி நிறுத்தியபோது, இன்னும் உரிமை இருக்கிறதே என்று எலேனாவின் பெயரை ஒருமுறை உரக்கச் சொன்னேன். உள்ளறையிலிருந்து தார்யா ஓடிவந்துவிட்டாள். வந்தவள் என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பிப்போனாள். அழுகை வரும் என்றிருந்தேன். வரவில்லை.

நீர் விட்ட மறுநாள் புறப்பட்டு மருதவேலி வருகிறேன். குழந்தையை என் கையில் கொடு. நான் திருப்பிக் கொடுக்க வந்தால் வாங்காதே.

ஆமை இலச்சினை வைத்து, இவ்வோலை கண்டபடி செய்யப் பணித்தோம். நாடு வாழ்க, நல்லோர் வாழ்க.

இப்படிக்கு, நெடும்பரிதி வேள். நீர் விடும் உச்சிப்பொழுது வரை, எலேனாவின் கணவன்.