மெழுகு படாத இடம்

இன்று காலை கொட்டகையில் மெழுகு டப்பாவைத் திறந்தபோது உள்ளே மடித்து வைத்திருந்த துணி உன்னுடையது. நீலச் சுங்குடிப் புடவையில் கிழித்தது. பனியன் துணி நூல் விடும், மெழுகு பூசப் பழைய புடவைதான் நல்லது என்று வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கிழித்தாயே, அதில் மிஞ்சிய கடைசித் துண்டு. டப்பாவை மூடிவிட்டேன். வேலை காத்திருந்ததால் மறுபடியும் திறந்தேன்.

பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேதியியல் படித்த நாம் இரண்டு பேரும், நாற்பது வயதில் அடையாற்றில் ஒரு தகரக் கொட்டகைக்குள் ஃபைபர் படகு செய்வோம் என்று யார் நினைத்தார்கள்? மயிலாப்பூரில் உன் அம்மா கேட்டதை நீயே நடித்துக் காட்டுவாய்: "நம்மாத்துல கோவில் குளத்தைத் தாண்டி யாரும் தண்ணியில கால் வெச்சதில்லை. நீ படகு பண்ணப் போறியாக்கும்!"

படகின் வடிவம் முழுக்க உன்னுடையது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் குப்பத்து ஆட்கள் கட்டுமரத்தை அலைக்குள் தள்ளுவதை எத்தனையோ காலைகள் நின்று பார்த்தாய். அலையில் குத்தாமல் ஏறுகிற மாதிரி முன்மூக்கை வளைத்தாய். மரத்தில் முதல் உருவத்தைச் செய்து, மாதக்கணக்கில் தேய்த்து, அதன்மேல் அச்சு எடுத்தோம். இடமில்லாததால் மர உருவத்தை உடைத்து விறகுக்குக் கொடுத்தோம். அதன்பின் அந்த அச்சு ஒன்றுதான் நமக்கு. படகு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் மெழுகு பூசி, கண்ணாடி இழையை விரித்து, ரெசின் பிசினைப் பூசுவோம். இறுகியதும் விளிம்பில் ஆப்பு செருகி இடுக்கில் தண்ணீர் ஊற்றினால், டப்பென்று படகு கழன்று வரும். ஒவ்வொரு முறையும் சின்னப்பெண் போலக் கைதட்டுவாய்.

ரெசின் இறுகிவிட்டதா என்று பார்க்க, மூக்கின் உள்பக்கம் யார் கண்ணிலும் படாத மூலையில் விரலால் தொடுவாய். கொஞ்சம் முந்திவிட்டால் உன் ரேகை அங்கேயே பதிந்துவிடும். "பரவாயில்லைடி, கையெழுத்துப் போட்டாச்சு" என்பாய்.

குப்பத்து ஏழுமலைக்கான படகுக்கு நீ மருத்துவமனையிலிருந்து நேராக ஆட்டோவில் வந்தாய். ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சு இன்னும் கையில் இருந்தது. நம் வேலையாள் சுந்தரம் பூசட்டும் என்றேன். "மெழுகை மட்டும் யார்கிட்டயும் விடமாட்டேன். நீ போய் காபி வாங்கிண்டு வா" என்றாய். மூக்குப் பக்கத்தில் இரண்டு கை அகலம் விட்டுப்போயிருக்கிறது. நீ கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. வழக்கம்போல மூலையில் விரலைப் பதித்துவிட்டுப் போய் நீ மறுபடி மருத்துவமனையில் படுத்த பிறகு, படகின் பின்பக்கம் கழன்றது, நடுப்பக்கம் கழன்றது, மூக்கு மட்டும் அச்சோடு ஒட்டிக்கொண்டது.

சுந்தரம் ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி ஓய்ந்தான். பார்க்க வந்த ஏழுமலை தலையைச் சொறிந்தார். "இன்னாமா, கொழந்த வெளிய வரமாட்டேன்னு அடம் புட்சிக்கினுகீது? ஆப்ரேசன் பண்ணிதான் எடுக்கணும் போல." எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னது நிஜம். படகை அறுத்தால் அச்சு பிழைக்கும். அச்சை அறுத்தால் படகு பிழைக்கும்.

வார்டுக்குள் நுழைந்ததுமே "கழண்டுதா?" என்றாய். உள்ளதைச் சொன்னேன்.

"அப்போ மோல்டை அறுத்துடு. அந்தப் படகு கடலுக்குப் போகணும்."

"மோல்டு போனா அடுத்த படகு?"

"அடுத்தது உன் பாடு. இது என்னோடது."

கோபமாகச் சொன்னாயா, கெஞ்சினாயா, இன்றும் தெரியவில்லை. நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள், அந்த வாரமே நீ போய்விட்டாய்.

ஏழுமலையும் உன் பக்கம்தான். காரியமெல்லாம் முடிந்தபின் வந்து, "அந்தம்மா கையால செஞ்சதையே குடும்மா" என்று நின்றார். சுந்தரம் அறுக்கும் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, "எத அறுக்கறது, அக்கா?" என்றான். அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். எனக்கும் இந்தக் கொட்டகையை விட்டால் வேறு பிழைப்பில்லை. அச்சு போனால் அந்த வளைவை மறுபடி வரைய நீ இல்லை. நான் படகைக் காட்டினேன்.

காட்டிவிட்டு வெளியே போய் நின்றேன். திடீரென்று நினைவு வந்து, உன் விரல் பட்ட இடத்தை மட்டும் தனியாக எடுத்துவை என்று சொல்ல உள்ளே ஓடினேன். மூக்கு சில்லுச் சில்லாகத் தரையில் கிடந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கிடைக்கவில்லை.

அச்சு பிழைத்தது, முழுசாக அல்ல. மெழுகு படாத இடத்தில் அதன் மேல்பூச்சு பெயர்ந்துவிட்டது. அடைத்தோம், தேய்த்தோம்; தழும்பு போகவில்லை. இப்போது வருகிற ஒவ்வொரு படகின் மூக்கிலும் அது விழுகிறது. அதிலிருந்து வந்த முதல் படகை ஏழுமலைக்குக் கொடுத்தோம். தடவிப் பார்த்து, "இன்னாது, அம்மைத் தழும்பா?" என்றார். காரணத்தைச் சொன்னேன். "அப்ப இருக்கட்டும். அது மேல பெயின்ட் அடிக்காதமா" என்றார்.

அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். நீ ஏற்றிருப்பாயா? செய்தது சரிதான் என்று யாரிடமும் என்னால் வாதாட முடியும், உன்னிடம் தவிர. இத்தனை வருஷத்தில் உனக்கென்று நீ கேட்டது அந்த ஒன்றைத்தான்.

இன்று உன் துணியாலேயே மெழுகு பூசினேன், மூக்கில் இன்னொரு தடவை கூடுதலாக. மாலையில் ரெசின் வேலை முடிந்தபின் சுந்தரம், "இன்னும் கொஞ்சம் போகட்டும்க்கா" என்றான். நான் கேட்கவில்லை. அந்த மூலைக்குள் கையை நுழைத்துத் தொட்டேன். முந்திவிட்டேன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தும், இதை எழுதும் விரல் நுனி இன்னும் காகிதத்தில் ஒட்டுகிறது.