லிஃப்ட்காரர் குரலில் ஒரு திருடன்

மார்ச் 3
டப்பிங் முடிந்தது. குழந்தைகளுக்கான பொம்மைப் படம். நிலவைத் திருடும் கறுத்த திருடனுக்கு நான்தான் குரல். டைரக்டர், "சாதாரணமாப் பேசுங்க சார், ஒரிஜினல்ல அவன் எல்லாரையும் மாதிரிதான் பேசுறான்" என்றார். நானா கேட்பேன்? எங்கள் கட்டிடத்து லிஃப்ட் மெக்கானிக் மாதிரி எடுத்துவிட்டேன். அவர் வேறு தேசத்துக்காரர், கருகருவென்று ஆறடி. நம் தமிழை உருட்டி உருட்டிப் பேசுவார். ஸ்டுடியோவே விழுந்து விழுந்து சிரித்தது. ஐம்பது பேர். சரி, நாலு பேர். அதில் ஒருத்தர் டீ கொண்டு வந்தவர்.

மார்ச் 29
அக்கா மகள் வாண்டுவைப் படத்துக்குக் கூட்டிப்போனேன். என் குரல் என்று சொல்லவில்லை, பிறகு சொல்லி அசத்தலாம் என்று. திருடன் வாயைத் திறந்ததும் பயந்துபோய் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நடிப்பு என்றால் இது!

ஏப்ரல் 6
நானும் வாண்டுவும் போகும்போது லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து கதவை நெம்பித் திறந்து, "பாப்பா, மெதுவா வா" என்றார். வாண்டு அலறிவிட்டாள். "மாமா, திருடன்! அதே குரல்!"
அவர் சிரித்தார். "நான் என்ன பாப்பா திருடினேன்?" பக்கத்தில் டார்ச் பிடித்து நின்ற அவர் மகள் சிரிக்கவில்லை. வாண்டு வகுப்புதான் அவளும்.
"சின்னப் புள்ளைங்க..." என்று இளித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 7
அந்தத் திருடன் குரல் என்னுடையது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் கிழியப் பேசுகிறவன்தானே நான்.

ஏப்ரல் 11
டீச்சர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். வாண்டு மெக்கானிக் மகள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறாளாம். "பென்சில் குடுக்காதீங்க, அவ திருடிடுவா" என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.
"நம்ம வீட்ல யாருடா இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?" என்றாள் அக்கா. நான் ஃபேனைப் பார்த்தேன்.

ஏப்ரல் 12
சமையலறையில் வாண்டுவை உட்காரவைத்து அந்தக் குரலில் பேசிக் காட்டினேன்.
"அப்போ திருடன் நீங்கதானா?"
"குரல் மட்டும்டி."
"அந்த லிஃப்ட் மாமா நல்லவரா?"
"ரொம்ப நல்லவர்."
"அப்புறம் ஏன் திருடனுக்கு அவரை மாதிரி பேசுனீங்க?"
சிரிப்பு வரட்டும் என்றுதான். அதைப் போய் எப்படிச் சொல்வது? அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். வழக்கமாகக் கழுதை, எருமை என்பாள். இன்று "டேய்..." என்பதோடு நிறுத்திக்கொண்டாள். கழுதை என்றிருந்தால் தேவலை.

ஏப்ரல் 14
மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய், படத்தில் திருடனுக்குக் குரல் கொடுத்தது நான்தான் என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். டைரக்டர் கட்டாயப்படுத்தினார் என்றும் சொன்னேன். பொய். வாய் தானாகவே சேர்த்துவிட்டது.
"தெரியும் அண்ணே. நாங்களும் பார்த்தோம். கடைசியில உங்க பேரு வந்துச்சு. அப்பா மாதிரியே பேசுறான்னு பொண்ணு முதல்ல கைதட்டினா." கிரீஸைத் துணியில் துடைத்தார். "அப்புறம் தட்டல."
மன்னிப்பு கேட்டேன். தலையசைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

ஏப்ரல் 20
வாண்டு பழையபடி மெக்கானிக் மகள் பக்கத்திலேயே உட்காருகிறாளாம். என்னால்தான் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆமா, எல்லாம் உன்னாலதான்" என்றாள்.

மே 2
மாடிப்படியில் வாண்டு, மெக்கானிக் மகள் இரண்டும் அந்தப் படத்தை விளையாடிக்கொண்டிருந்தன. செருப்பு மாட்டியபடி கேட்டேன்.
"இன்னைக்கு நீ இளவரசி, நான் திருடன்" என்றாள் வாண்டு.
"போடி. இளவரசி என்னை மாதிரியா இருப்பா? நான்தான் திருடன்."
யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு திருடன் குரலில் பேசினாள். வாண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவளும் சிரித்தாள்.
ஒவ்வொரு வார்த்தை முடிவிலும் ஒரு மூக்கிழுப்பு. அவள் அப்பா அப்படி இழுக்கமாட்டார். அது நான் சேர்த்தது.